"நானும் தாராளவாதிதானே?" என்று கேட்ட அண்ணாவுக்கு

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"அம்மணிக்கு வணக்கமுங்க. எனக்கு வயது 62. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நாலு ஏக்கர் பண்ணையம். எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கூடி, படித்ததைப் பேசுவோம். குறிப்பேடு எழுதுவது என் வேலை. போன மாதம் கோவையில் சட்டம் படிக்கும் என் அண்ணன் மகள் வந்திருந்தாள். பேச்சுவாக்கில் 'நான் ஒரு லிபரல், தாராளவாதி' என்றாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் முப்பது வருடம் வேலை செய்து, சங்க வேலையும் பார்த்து, ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வருவார். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. 'தாராளவாதந்தான் கண்ணு எங்க வயித்துல அடிச்சது, அதைப் போய்ப் பெருமையாச் சொல்றியே' என்றார். அரை மணி நேரம் சண்டை. கடைசியில் பார்த்தால் எட்டு மணி நேர வேலை வேண்டும் என்கிறார்கள் இரண்டு பேரும், பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொள்ள யாரும் தடை சொல்லக் கூடாது என்கிறார்கள் இரண்டு பேரும். சமாதானம் செய்யலாம் என்று நான், 'அப்படிப் பார்த்தா நானுந்தானுங்க தாராளவாதி, எம் பொண்ணுக்கு எல்லாச் சுதந்திரமும் குடுத்திருக்கறேன்' என்றேன். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்துவிட்டார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று இன்னும் விளங்கவில்லை. அவர்கள் சொன்னது ஒரே வார்த்தையா, வேறு வேறா? குறிப்பேட்டில் நான் என்னவென்று எழுதட்டும்?"

வணக்கம் அண்ணா.

கடிதத்தைப் படித்ததும் நானும் சிரித்தேன், கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. இருபது வருடத்துக்கு மேலாகக் கோவையில் உட்கார்ந்து ஆங்கிலக் காகிதங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், இருந்தும் இந்த 'லிபரல்' என்ற சொல் வந்தால் மட்டும் இன்றைக்கும் ஒரு நிமிடம் கை நின்றுவிடும். சூடு கண்ட பூனை நான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பனியன் கம்பெனியின் பணியாளர் விதிமுறைகளைத் தமிழில் போட்டுக் கொடுத்தேன். லீவு விஷயத்தில் ரொம்பக் கறாராக இருக்க மாட்டோம் என்று சொல்வதற்கு 'லிபரல் லீவ் பாலிசி' என்று எழுதியிருந்தார்கள். நான் அகராதியைப் புரட்டி, கடமை தவறாமல், 'தாராளவாத விடுப்புக் கொள்கை' என்று போட்டேன். அதை அச்சடித்துக் கேட்டிலும் ஒட்டிவிட்டார்கள். ஒரு டெய்லர் மேலாளரிடம் போய், 'இது எந்தக் கட்சி லீவுங்க சார்?' என்று கேட்டாராம். அந்தக் கம்பெனியிலிருந்து அப்புறம் எனக்கு வேலை வரவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். இரண்டு பேர் சொன்னதும் ஒரே சொல்தான், ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி. நீங்கள் சொன்னது மூன்றாவது பொருள். அது அந்த இரண்டுக்கும் மூத்தது, ஆனால் அரசியலோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது.

உங்கள் வாய்க்காலிலிருந்தே ஆரம்பிப்போம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் கிணற்றிலிருந்து உங்கள் மஞ்சளுக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர் விடுகிறார், 'தாராளமாக் கட்டிக்குங்க' என்கிறார். அது அவருடைய நல்ல மனசு. வாழை வெட்டும்போது அவர் வீட்டுக்கு ஒரு தார் கொடுத்தனுப்புவீர்கள். அடுத்த வருடம் அவர் மனசு மாறி, மோட்டாரை நிறுத்திவிட்டால் நீங்கள் போய்க் கேட்க முடியாது, கேட்டால் ஊர் உங்களைத்தான் சிரிக்கும். ஆனால் கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுக்கு ஒரு போகம் என்று முறை இருக்கிறதே, உங்கள் மதகுக்கு முறை வரும்போது நீங்கள் யாரிடமாவது கேட்டுவிட்டா தண்ணீர் கட்டுகிறீர்கள்? மேலே இருப்பவர் மறித்தால் மண்வெட்டியோடு போவீர்கள், அதிகாரியிடம் போவீர்கள், கோர்ட்டுக்கும் போவீர்கள். தண்ணீர் வந்ததற்காக யாருக்கும் வாழைத்தார் அனுப்ப மாட்டீர்கள். கிணற்றுத் தண்ணீர் தாராளம், வாய்க்கால் தண்ணீர் உரிமை. லிபரல் என்ற அரசியல் சொல் பிறந்தது வாய்க்கால் தண்ணீருக்கு. அதற்கு நாம் வைத்த தமிழ்ப் பெயர் கிணற்றுத் தண்ணீருடையது.

மொழிபெயர்த்தவரைத் திட்டாதீர்கள், தப்பு அவருடையது மட்டும் இல்லை. லத்தீனில் 'லிபெர்' என்றால் அடிமை அல்லாதவன். அடிமை அல்லாதவனுக்கு ஏற்ற நடத்தை, அதாவது கை நிறைய அள்ளிக் கொடுப்பது, இதற்குத்தான் ஆங்கிலத்தில் லிபரல் என்ற சொல் பல நூற்றாண்டுகள் புழங்கியது. அரசியல் பொருள் வந்து ஒட்டிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதுவும் இங்கிலாந்தில் இல்லை, ஸ்பெயினில். நெப்போலியன் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது காதிஸ் என்ற துறைமுக நகரத்தில் ஸ்பெயின்காரர்கள் கூடி 1812-இல் ஓர் அரசியல் சட்டம் எழுதினார்கள். ராஜா இஷ்டப்படி ஆள முடியாது, அதிகாரம் நாட்டு மக்களுடையது, பத்திரிகை அச்சடிக்க முன் அனுமதி வேண்டாம், இப்படிப் போகும் அந்தச் சட்டம். அதற்காக நின்றவர்களுக்கு 'லிபராலெஸ்' என்று பெயர். எதிரே ராஜா பக்கம் நின்றவர்களை இவர்கள் 'செர்விலெஸ்' என்று கூப்பிட்டார்கள், அடிமைப் புத்திக்காரர்கள் என்று அர்த்தம். (கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பட்டப்பெயர் வைத்துத் திட்டுவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடலாம்.) அங்கிருந்து சொல் இங்கிலாந்துக்குப் போய், முதலில் கேலியாகப் புழங்கி, கடைசியில் 1859-இல் லிபரல் கட்சி என்று ஒரு பெரிய கட்சிக்கே பெயரானது.

நாம் மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது அகராதியின் முதல் வரியை எடுத்துக்கொண்டோம். நாம் மட்டும் இல்லை, இந்திக்காரர்களும் 'உதாரவாத்' என்கிறார்கள், கன்னடத்தில் 'உதாரவாத'. உதாரம் என்றாலும் வள்ளல்தனம்தான். ஆக, ஊருக்கே பொதுவான தப்பு. இலங்கைத் தமிழர்கள் 'தாராண்மைவாதம்' என்று எழுதுவார்கள், காதுக்கு நன்றாக இருக்கிறது, அடியில் அதே தாராளம்தான்.

இப்போது அந்த அண்ணன் தம்பி எப்படிப் பிரிந்தார்கள் என்று பார்ப்போம். ராஜாவின் கை நீளக் கூடாது என்று ஆரம்பித்தபோது அதில் எல்லாம் அடக்கம். நினைத்ததைப் பேசலாம், விரும்பிய சாமியைக் கும்பிடலாம் அல்லது கும்பிடாமல் இருக்கலாம், வாங்கலாம் விற்கலாம், தொழில் தொடங்க அரண்மனையில் பட்டயம் வாங்க வேண்டியதில்லை. வியாபாரியும் பத்திரிகைக்காரரும் ஒரே வண்டியில் போனார்கள். பிறகு மில்கள் வந்தன, நகரங்கள் வந்தன, வண்டி இரண்டாகப் பிரிந்தது. 'அரசாங்கம் ஒதுங்கி நின்றாலே போதும், மனிதன் சுதந்திரமாக இருப்பான்' என்றது ஒரு தரப்பு. 'வயிறு காய்கிறவனுக்கு என்ன சுதந்திரம், அவனுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேலை நேரச் சட்டமும் இருந்தால்தான் சுதந்திரம் என்ற பேச்சுக்கே அர்த்தம்' என்றது இன்னொரு தரப்பு. 1930களில் பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது அமெரிக்காவில் அதிபர் ரூஸ்வெல்ட் இரண்டாவது வழியில் போனார், போனவர் தன்னை லிபரல் என்றே சொல்லிக்கொண்டார். அதிலிருந்து அமெரிக்காவில் லிபரல் என்றால் அரசாங்கம் ஏழைக்குக் கை கொடுக்க வேண்டும் என்பவர், சிறுபான்மையினர் உரிமை, பெண்கள் உரிமை பேசுபவர். ஐரோப்பாவில் பல நாடுகளில் இன்றும் லிபரல் என்றால் வரியைக் குறை, சந்தையை விட்டுவிடு என்பவர். ஆஸ்திரேலியாவில் 1944-இல் மென்சீஸ் என்ற அரசியல் தலைவர் ஆரம்பித்த லிபரல் கட்சிதான் அந்த நாட்டின் பெரிய வலதுசாரிக் கட்சி. ஜப்பானில் 1955-லிருந்து பெரும்பாலும் ஆட்சியிலேயே இருந்துவரும் லிபரல் ஜனநாயகக் கட்சி அந்த ஊரின் பழமைவாதக் கட்சி. அதனால் யாராவது தன்னை லிபரல் என்றால், எந்த ஊர் லிபரல் என்று கேட்பது குசும்பு ஆகாது, கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

உங்கள் அண்ணன் மகள் சட்டம் படிக்கிற பிள்ளை, அரசியல் சட்டத்தின் முகப்பில் இருக்கிற சிந்தனைச் சுதந்திரம், பேச்சுச் சுதந்திரம், வழிபாட்டுச் சுதந்திரம் இதையெல்லாம் மனதில் வைத்துச் சொல்லியிருக்கும், கொஞ்சம் அமெரிக்கப் பேச்சும் இணையம் வழியாகச் சேர்ந்திருக்கும். தோழருக்கு அந்தச் சொல் வந்தது வேறு வாசல் வழியாக.

அந்த வாசலுக்குத் தேதியே உண்டு, 1991 ஜூலை 24. அன்றைக்கு மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்தார், புதிய தொழிற்கொள்கையும் அன்றைக்கே வந்தது, முக்கால்வாசித் தொழில்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று ஆனது. பத்திரிகைகளுக்கு உடனே ஒரு தமிழ்ச்சொல் தேவைப்பட்டது, 'தாராளமயம்' என்று எழுதினார்கள். கொஞ்ச நாளில் தாராளமயம், தனியார்மயம், உலகமயம் என்று மூன்றும் ஒரே மூச்சில் சொல்லும் சொல்லாகிவிட்டன. சங்கக் கூட்ட மேடைகளில் மைக் பிடித்தவர்கள் அதைச் சொல்லாமல் இறங்கியதே இல்லை. பிறகு, எல்லாவற்றையும் சந்தையிடமே விட்டுவிடு என்கிற கொள்கைக்கு 'நவதாராளவாதம்' என்ற சொல் வந்தது. ஒரு விசித்திரம் பாருங்கள், அந்தப் பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்கிற ஆளைப் பார்ப்பதே அபூர்வம், எதிராளிகள் வைக்கிற பெயராகத்தான் அது புழங்குகிறது. தோழர் முப்பது வருடம் காதில் கேட்ட தாராளவாதம் இதுதான். காண்ட்ராக்ட், பீஸ் ரேட், ராத்திரி ஷிப்ட், 'ஆர்டர் போய்டும்' என்ற மிரட்டல் எல்லாம் சேர்ந்தது. அவரிடம் போய் ஒரு பிள்ளை 'நான் தாராளவாதி' என்றால் அவர் காதில் 'நான் மொதலாளி கட்சி' என்றுதான் விழும்.

என் அபிப்பிராயம் கேட்டால், தோழரின் கணக்கு முழுசாகச் சரி என்று சொல்ல மாட்டேன். திருப்பூரில் பஞ்சப்படி கேட்டுப் பெரிய போராட்டம் நடந்தது 1984-இல், தாராளமயத்துக்கு ஏழு வருடம் முன்னால். கூலிச் சண்டை 1991-இல் பிறக்கவில்லை. அதே நேரம் திருப்பூர் முதலாளிகளைத் தாராளவாதிகள் என்று சொன்னாலும் சிரிப்புத்தான் வரும். 2010, 2022 மாதிரி நூல் விலை தாறுமாறாக ஏறிய வருடங்களை நினைத்துப் பாருங்கள். பனியனை எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் கட்டுப்பாடு இல்லாமல் ஏற்றுமதி செய்ய வேண்டும், ஆனால் நூல் ஏற்றுமதியைத் தடை செய்ய வேண்டும், பஞ்சு ஏற்றுமதியைத் தடை செய்ய வேண்டும் என்று கடையடைப்பு. மில்காரர்களைக் கேட்டால் நூல் ஏற்றுமதியில் கை வைக்காதே, பஞ்சை மட்டும் வெளியே விடாதே என்பார்கள். பருத்தி போட்டவனைக் கேட்டால் பஞ்சை ஏன் மறிக்கிறாய் என்பான். ஒவ்வொருவரும் தான் விற்கிற சரக்கில் தாராளவாதி, வாங்குகிற சரக்கில் கட்டுப்பாட்டுக்காரர். இதைக் குறையாகச் சொல்லவில்லை, பிழைப்பு அப்படி. கொள்கைப் பெயரைக் கொண்டுவந்து இதன்மேல் ஒட்டினால் நிற்காது என்றுதான் சொல்கிறேன்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு உதாரணம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1925-ஆம் வருடம். திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்குகிறார். அதே வருடம் ஈரோட்டில் பெரியார் குடி அரசு பத்திரிகையைத் தொடங்குகிறார். நடுவில் காவிரி ஒன்றுதான். இதில் யார் லிபரல், சொல்லுங்கள் பார்க்கலாம். ராஜாஜி 1952-இல் முதலமைச்சராக வந்ததும் அரிசி ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கி, எதற்கெடுத்தாலும் பர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று அரசாங்கம் கையை நீட்டக் கூடாது என்று சண்டை போட்டார். அந்தக் கட்சி 1967-இல் மக்களவையில் 44 இடம் பிடித்தது. ஐரோப்பியக் கணக்கில் சுத்தமான லிபரல். ஆனால் அதே மனிதர்தான் 1937-இல் நாட்டுக்கே முன்மாதிரியாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார், ஒருவன் என்ன குடிக்கலாம் என்பதை அரசாங்கம் முடிவு செய்யலாம் என்பது அவருக்கு உறுத்தவில்லை. 1953-இல் பள்ளிக்கூடம் அரை நாள், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்று ஒரு திட்டமும் போட்டார், எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். பெரியார் நேர் எதிர்ப்பக்கம். யாரைக் கல்யாணம் செய்வது, எத்தனை பிள்ளை பெறுவது, சாமி கும்பிடுவதா வேண்டாமா, இதிலெல்லாம் புருஷனும் ஊரும் சாஸ்திரமும் தலையிட முடியாது என்றவர். அமெரிக்கக் கணக்கில் அவரை மிஞ்சிய லிபரல் கிடையாது. ஆனால் 1932-இல் ரஷ்யா போய்விட்டு வந்து ஈரோட்டில் அவர் போட்ட வேலைத்திட்டம் சமதர்மம், நிலமும் ஆலையும் பொதுவாக வேண்டும் என்று பேசியது. பேருக்கு முன்னால் ஸ்ரீ போடாதீர்கள், தோழர் என்று போடுங்கள் என்று அவர் சொன்னதும் அப்போதுதான். உங்கள் கூட்டத்துக்கு வருகிறவரை நீங்கள் தோழர் என்று கூப்பிடுவதில் அதற்கும் பங்குண்டு.

ஆக, இந்தக் கரையில் பாதி லிபரல், அந்தக் கரையில் மீதிப் பாதி. ஒருவரையும் அந்தச் சொல்லால் முழுசாகப் பிடிக்க முடியவில்லை. உங்கள் அண்ணன் மகளையும் தோழரையும் ஒரு சொல்லால் பிடிக்கப் பார்த்தால் வேறு என்ன ஆகும்?

'சரி, அளவுகோல் ஒன்றுமே இல்லையா' என்று கேட்பீர்கள். ஒன்று உண்டு, அதைச் சொன்னவர் ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற இங்கிலாந்துக்காரர். ஒருவன் செய்கிற காரியம் இன்னொருவனுக்குக் கெடுதல் செய்யாதவரை அவனைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை, அவனுடைய நன்மைக்காகத்தான் தடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டுகூடத் தடுக்கக் கூடாது என்றார். படிக்கும்போது சுலபமாக இருக்கும், திருப்பூர் சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றங்கரையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். சாயப்பட்டறைக்காரர், 'எந்தொழில், எங்காசு, நீ யார் கேட்க' என்கிறார். அதே ஆற்றில் இருக்கிற ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிற விவசாயி, 'என் கிணத்துத் தண்ணி நெறம் மாறிப் போச்சே, என் தென்னை பட்டுப்போச்சே' என்கிறார். கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அதைச் சுதந்திரத்தின்மேல் விழுந்த அடி என்றவர்களும் இருந்தார்கள், ஆனால் மில்லின் கணக்குப்படி அது லிபரல் தீர்ப்புத்தான், ஏனென்றால் கெடுதல் இன்னொருவன் தோட்டத்துக்குள் போய்விட்டது. மூடியதால் வேலை போன பட்டறைத் தொழிலாளிக்கு எந்த லிபரல் பதில் சொல்வார் என்று தோழர் கேட்பார். நியாயமான கேள்வி, மில்லிடம் அதற்குப் பதில் கொஞ்சம் பலவீனம்தான்.

இந்த மில்லைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் உங்களைப் பார்த்து அவர்கள் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. சுதந்திரம் பற்றி அவ்வளவு எழுதியவர் வயிற்றுப் பிழைப்புக்கு எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியில். 1823-லிருந்து 1858 வரை, லண்டன் ஆபீசில் உட்கார்ந்து நம்மை ஆளுகிறவர்களுக்குக் கடிதம் தயார் செய்துகொண்டிருந்தார். இந்தச் சுதந்திரத் தத்துவம் இன்னும் பக்குவப்படாத சமூகங்களுக்குப் பொருந்தாது என்று அவரே எழுதியும் வைத்தார். பக்குவம் வந்ததும் கொடுக்கலாம். வந்துவிட்டதா என்று யார் பார்ப்பது? கம்பெனிதான்.

இப்போது நீங்கள் சொன்ன வாக்கியத்தை ஒருதரம் மெதுவாகப் படியுங்கள் அண்ணா. 'எம் பொண்ணுக்கு எல்லாச் சுதந்திரமும் குடுத்திருக்கறேன்.' குடுத்திருக்கறேன். அது கிணற்றுத் தண்ணீர். மோட்டார் சுவிட்ச் உங்கள் கையில்.

உங்களைப் புண்படுத்தச் சொல்லவில்லை, என் அப்பாவும் இதே வாக்கியத்தை, இதே பெருமையோடு, வந்த ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்வார். பொய்யும் சொல்லவில்லை. படிக்க வைத்தார், ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார், ஹாஸ்டலுக்கு அனுப்பினார். நம் பக்கத்தில் எத்தனையோ அப்பாக்கள் மகளைப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு ராத்திரி பதினொரு மணி பஸ்ஸுக்குக் காத்திருந்து கூட்டிவருகிறார்கள், அந்தத் தாராளத்தை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் கல்யாணப் பேச்சு என்று வரும்போது ஒரு நாள் சுவிட்சை அமர்த்துகிற சத்தம் கேட்கும், அப்போதுதான் பெண் பிள்ளைகளுக்கு இது வாய்க்கால் இல்லை என்று தெரியவரும். என் வீட்டிலும் கேட்டது. உங்கள் அண்ணன் மகளும் எங்கேயோ கேட்டிருப்பாள், தோழர் அதே சத்தத்தை முதலாளியின் 'நான் எம் ஆளுங்களுக்கு எல்லாம் செய்யறேன்' என்ற பேச்சில் கேட்டிருப்பார். தீபாவளிக்குப் போனஸ் என்பது முதலாளி மனசு வைத்துக் கொடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அது எங்கள் பாக்கி என்று நின்றவர்கள் அவருடைய ஆட்கள். அதனால்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் உங்கள் வாக்கியத்தில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

இதைவிடப் பச்சையான உதாரணம் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. நம் ஊரில் பெண்ணுக்குச் சீர் செய்வதில் கை குறைய மாட்டோம். நகை, பாத்திரம், சில வீடுகளில் காரும் கூட, அப்புறம் பொங்கல் சீர், முதல் குழந்தைக்குச் சீர் என்று அது ஓயாது. அது தாராளம். பங்கு என்பது வேறு. பெண்ணுக்கும் சொத்தில் சம பாத்தியதை வேண்டும் என்று சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929-இல், செங்கல்பட்டில். தமிழ்நாட்டில் சட்டமாக வந்தது 1989-இல். சரியாக அறுபது வருடம். அதன் பிறகும் என்ன நடக்கிறது? 'அதான் சீர் செஞ்சாச்சே அம்மணி' என்று சொல்லி, அண்ணன் தம்பிகளுக்குப் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். பத்திர ஆபீஸ் தமிழில் அதன் பெயர் என்ன என்று உங்களுக்குத் தெரியும், 'விடுதலைப் பத்திரம்'. எனக்கு மொழிபெயர்க்க வருகிற பத்திரங்களில் அந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம், இதில் யாருக்கு யாரிடமிருந்து விடுதலை என்று ஒரு நிமிடம் யோசிப்பேன்.

சரி, தினசரிப் பேச்சில் இந்தச் சொல்லை என்னதான் செய்வது? என் வேலையில் நான் வைத்திருக்கிற வழக்கத்தைச் சொல்கிறேன். பொருளாதாரம் என்றால் தாராளமயம் என்று எழுதுங்கள், அது 1991-லிருந்து ஊரில் பதிந்த சொல், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். ஒரு மனிதரின் கொள்கையைச் சொல்லும்போது தாராளவாதி என்பதை நான் கூடியவரை தவிர்க்கிறேன், லிபரல் என்றே போட்டுவிட்டு, எதில் லிபரல் என்று அடுத்த வரியில் விளக்கிவிடுவேன், பேச்சுரிமையிலா, கல்யாண விஷயத்திலா, வியாபாரத்திலா. அழகு குறையும், சண்டையும் குறையும். சிலர் மிதவாதி என்று போடுவார்கள், அதுவும் சும்மா வந்ததில்லை, 1918-இல் காங்கிரசிலிருந்து பிரிந்து தனியாக லிபரல் அமைப்பு தொடங்கிய சீனிவாச சாஸ்திரி போன்றவர்களுக்கு அப்படித்தான் பெயர். ஆனால் மிதவாதி என்றால் வேகத்தைக் குறைத்துப் போகிறவர், எங்கே போகிறார் என்று அந்தச் சொல் சொல்லாது. முற்போக்கு என்பது இன்னும் மோசம், எல்லாக் கட்சியும் தன்னைத்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறது. லிபரல் என்பதையே இப்போது வசவாகவும் போடுகிறார்கள், வலப்பக்கத்துக்காரர்கள் தேசத்தைப் பற்றிக் கவலைப்படாதவன் என்ற பொருளில், இடப்பக்கத்துக்காரர்கள் கஞ்சி போட்ட சட்டையோடு தெருவில் இறங்காதவன் என்ற பொருளில். இரண்டு பக்கமும் திட்டுகிற சொல்லைச் சொந்தப் பெயராகச் சொல்லிக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும், அதற்காக அந்தப் பிள்ளைக்கு என் சார்பில் ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள்.

குறிப்பேட்டுக்கு நான் ஒரு வாசகம் எழுதிப் பார்த்தேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 'சட்ட மாணவி, தனிமனிதரின் பேச்சு, நம்பிக்கை, திருமணம் ஆகியவற்றில் அரசோ ஊரோ தலையிடக் கூடாது என்ற பொருளில் தம்மை லிபரல் என்றார். திருப்பூர்த் தோழர், 1991-க்குப் பிறகு வந்த தாராளமயத்தால் தொழிலாளர் பாதுகாப்பு குறைந்தது என்ற பொருளில் அச்சொல்லை மறுத்தார். எட்டு மணி நேர வேலை, விருப்பத் திருமணம் இரண்டிலும் இருவருக்கும் ஒரே கருத்து.' இவ்வளவு போதும். உங்கள் வாக்கியத்தையும் அதற்குக் கீழே அப்படியே எழுதிவிடுங்கள், அவர்கள் சிரித்ததையும் சேர்த்து. 'குடுத்திருக்கறேன்' என்பதை மட்டும் இப்போது போய்த் திருத்தாதீர்கள், குறிப்பேடு என்றால் நடந்ததுதானே.